சிறுநீரகத்தின் உப்புக் குழிக்குள் செல்கள் எப்படிப் பிழைக்கின்றன?

வேப்பம்பூ | ஞாயிறு, மாலை 6.10

எல்லோருக்கும் வணக்கம். நான் மருத்துவப் படிப்பில் முதலாண்டு. போன வாரம் உடலியங்கியல் வகுப்பில் ஹென்லே வளைவு (சிறுநீரகக் குழாய் உள்ளே இறங்கித் திரும்பி ஏறும் பகுதி) முடிந்தது. கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் 290 மில்லிஆஸ்மோல், உள்ளே இறங்க இறங்க 600, 900, கடைசி நுனியில் 1200 என்று படத்தில் எண்களைக் குறித்துக்கொண்டோம். சிறுநீர் எப்படிச் செறிவாகிறது என்பது புரிந்தது. பாடம் அத்தோடு முடிந்துவிட்டது.

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கடல் நீரே ஏறக்குறைய 1000தான். அதைவிடச் செறிவான அந்த நுனியிலும் உயிருள்ள செல்கள்தானே குழாய்ச் சுவராக நிற்கின்றன? எங்கள் வீட்டில் வருஷா வருஷம் மாவடு போடுவோம். கல்லுப்பு போட்டுக் குலுக்கிவைத்த மறுநாளே ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். நாலாம் நாள் தோல் சுருங்கி, வடு தான் விட்ட தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும். சிறுநீரக நுனியில் இருக்கும் செல்லுக்கு ஏன் அந்தக் கதி வரவில்லை? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். அவசரம் இல்லை.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 7.02

நல்ல கேள்வி, தங்கச்சி. ஒரு சின்னத் திருத்தம். அந்த 1200ல் ஏறக்குறையப் பாதி யூரியா. யூரியா மெல்ல மெல்லச் செல்லுக்கு உள்ளேயும் போய்விடும், அதனால் தண்ணீரை வெளியே இழுத்துவைக்காது. செல்லைச் சுருக்குவது மீதிப் பாதியான சோடியம் குளோரைடுதான். அப்படிப் பார்த்தாலும் இரத்தத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. யூரியா சும்மா விட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். உள்ளே போய்ப் புரதங்களின் மடிப்பைக் குலைக்கும்.

நான் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிற மருத்துவர். செல்லுக்குள் நடப்பதை ஆய்வகஇரவு அண்ணன் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

ஆய்வகஇரவு | ஞாயிறு, இரவு 9.45

இந்த விஷயத்தில்தான் நான் முனைவர் பட்டத்துக்கு ஆறு வருஷம் செலவழித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் கண்ணால் பார்த்தது. எம்டிசிகே என்று ஒரு செல் வகை. 1958ல் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது, இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கிறது. தட்டில் நன்றாகப் பரவி நெருக்கமாக வளர்ந்திருக்கும்போது, நுண்ணோக்கியில் பார்த்தால் தளத்தில் ஓடு பதித்த மாதிரி இருக்கும், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே மெல்லிய கோடு மட்டும். அதில் லிட்டருக்கு 100 மில்லிமோல் கணக்கில் உப்பைச் சேர்த்தால் ஆஸ்மோலாலிட்டி, அதாவது நீங்கள் குறித்த அந்தச் செறிவு, சுமார் 200 கூடும். சேர்த்துவிட்டு மறுபடி கண்ணை வைப்பதற்குள் அந்தக் கோடுகள் தடித்துப் பளீரென்று தெரிய ஆரம்பித்துவிடும். செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவது போல இருக்கும். நீங்கள் சொன்ன மாவடுதான் அது, நாள் கணக்கு இல்லாமல் நொடிக் கணக்கில்.

தட்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பெரும்பாலும் பழைய உருவம் திரும்பத் தொடங்கியிருக்கும். வெளியே உப்பு குறையவில்லை. செல்தான் மாறியிருக்கிறது.

எப்படி என்றால், முதலில் கைக்கு எட்டினதை எடுத்து உள்ளே போட்டுக்கொள்கிறது. கைக்கு எட்டுவது உப்பேதான். செல் சவ்வில் சோடியம், பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகியவற்றைச் சேர்த்து உள்ளே கொண்டுவரும் ஒரு கடத்திப் புரதம் உண்டு, என்கேசிசி1 என்று பெயர். அதை முடுக்கிவிடுவது ஒரு கைனேஸ் சங்கிலி (கைனேஸ் என்றால் இன்னொரு புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி). தலைமையில் இருப்பது டபிள்யூஎன்கே1. நாங்கள் 'விங்க்' என்போம். அது அடுத்த நிலைக் கைனேஸுக்குப் பாஸ்பேட் ஏற்றும், அந்தக் கைனேஸ் கடத்திக்கு ஏற்றும், கடத்தி திறந்து வேலை செய்யும். அயனிகள் உள்ளே வந்தால் தண்ணீரும் கூடவே வரும்.

செல் சுருங்கியதை விங்க் எப்படி அறிகிறது என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. 2022ல் ஒரு நல்ல விடை வந்தது. செல்லில் தண்ணீர் குறைந்தால் உள்ளே இருக்கும் புரதங்கள் நெருக்கியடிக்கும். திருவிழாக் கூட்டத்தில் தேர் திரும்பும் இடத்தில் ஆட்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்வார்களே, அது போல அந்த நெருக்கத்தில் விங்க் மூலக்கூறுகள் ஒன்றுகூடிக் குட்டிக் குட்டித் துளிகளாகத் திரள்கின்றன. அந்தத் துளிக்குள்ளேயே விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகின்றன. நெருக்கடியேதான் செய்தி, தனியாக ஒரு தூதர் தேவைப்படவில்லை. எனக்கு இந்தக் கண்டுபிடிப்பின் மேல் தனிப் பிரியம் உண்டு.

சரி, உருவம் திரும்பியாயிற்று. ஆனால் செல் ஒரு கடனை வாங்கியிருக்கிறது. உள்ளே அயனிகள் கூடிப்போனால் நொதிகள் தடுமாறும், டிஎன்ஏ உடையும். அந்தக் கடனை அடைக்கிற வேலைதான் இரண்டாம் கட்டம், இதற்கு நாள் கணக்கில் ஆகும். அதை நாளை எழுதுகிறேன், இப்போது தட்டு கழுவப் போக வேண்டும்.

தாமிரபரணி72 | திங்கள், காலை 6.20

ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியன் நான். ஈஸ்ட் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்டை உப்புக் கரைசலில் விட்டால் அது கிளிசராலைத் தயாரித்து உள்ளே நிரப்பிக்கொள்ளும். அதற்குக் கட்டளையிடும் கைனேஸுக்கு ஹாக்1 என்று பெயர், 1993ல் கண்டுபிடித்தார்கள். ஹாக்1 இல்லாத ஈஸ்ட் உப்பில் வளராது. சிறுநீரகத்திலும் இதற்கு இணையாக ஏதாவது உண்டா, தம்பி?

ஆய்வகஇரவு | திங்கள், இரவு 8.30

உண்டு ஐயா. அடுத்த வருஷமே, 1994ல், பாலூட்டிச் செல்களில் பி38 என்ற கைனேஸைக் கண்டார்கள். அமைப்பில் ஹாக்1க்கு நெருங்கிய சொந்தம், ஆஸ்மாட்டிக் அழுத்தத்தில் அதேபோல விழிக்கிறது. அதே வருஷம் இன்னொரு குழு, ஹாக்1 இல்லாத ஈஸ்ட்டுக்குள் மனிதர்களின் ஜேஎன்கே என்ற கைனேஸை வைத்துப் பார்த்தது. ஈஸ்ட் உப்பில் மறுபடி வளர்ந்தது. இத்தனை கோடி ஆண்டு பிரிந்து வந்த பிறகும் ஒன்றின் சாவி மற்றதன் பூட்டில் சேர்கிறது.

நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன். ஈஸ்ட்டுக்குக் கிளிசரால் என்றால் சிறுநீரகச் செல்லுக்கு என்ன? அமெரிக்காவில் பெதெஸ்டாவின் தேசிய சுகாதார நிலையத்தில் மாரிஸ் பர்க்கும் அவர் குழுவும் 1980களில் இதைத் தோண்டினார்கள். முயலின் சிறுநீரக நுனியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை உப்பு கூடிய கரைசலில் வைத்தபோது உள்ளே சார்பிட்டால் குவிந்துகிடந்தது. சர்க்கரை இல்லாத சூயிங்கம் என்று விற்கிறார்களே, அதில் இனிப்புக்குப் போடுவது அதே சார்பிட்டால். கூடவே பீட்டேன், இனாசிடால், டாரின், கிளிசரோஃபாஸ்ஃபோகோலின். எல்லாமே புரதங்களைத் தொந்தரவு செய்யாமல் இடத்தை நிரப்புகிற சின்ன மூலக்கூறுகள். இவை உள்ளே சேரச் சேர, முன்பு அவசரத்துக்கு ஏற்றிய அயனிகளைச் செல் வெளியே அனுப்பிவிடுகிறது. இதைத்தான் கடன் அடைப்பது என்றேன்.

சார்பிட்டால் வீட்டுக்குள்ளேயே தயாராவது. ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி குளுக்கோஸை எடுத்து மாற்றுகிறது. பீட்டேனும் இனாசிடாலும் பெரும்பாலும் வெளியிலிருந்து இறக்குமதி, அதற்கெனத் தனித்தனிக் கடத்திகள். இந்த நொதிக்கும் கடத்திகளுக்கும் உரிய மரபணுக்களை ஒரே கை தட்டி எழுப்புகிறது. அந்தக் கையின் பெயர் டோன்இபிபி, இன்னொரு பெயர் என்ஃபாட்5. 1999ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்ததால் இரண்டு பெயர். உப்பு ஏறிய அரை மணிக்குள் அது செல்லின் உட்கருவுக்குள் குவியும். ஆனால் நொதி போதுமான அளவு தயாராகி, சார்பிட்டால் நிறைந்து நிலைபெற இரண்டு மூன்று நாள் ஆகும்.

பாப்பா, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இந்த நேர வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தட்டில் உப்பைச் சேர்த்துச் செறிவைத் திடீரென 700க்கு ஏற்றினால் ஏராளமான செல்கள் செத்து மிதக்கும். அதே அளவை மெதுவாக, படிப்படியாக ஏற்றினால் பிழைத்துக்கொள்ளும். மாவடுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

வேப்பம்பூ | திங்கள், இரவு 9.15

ரொம்ப நன்றி அண்ணா. இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். அப்படியானால் பி38 விழித்து, அது டோன்இபிபியை எழுப்பி, அது மரபணுக்களை எழுப்புகிறது. ஒரே நேர்கோடு, சரிதானே? தேர்வில் அப்படி எழுதலாமா?

செங்காந்தள் | திங்கள், இரவு 10.40

நேர்கோடு என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எனக்கு இதில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடநூல் படங்கள் பலவும் அந்தத் தப்பைச் செய்கின்றன.

1997ல் பர்க்கின் குழுவே முயல் செல்களில் சோதித்தது. பி38, ஜேஎன்கே இரண்டின் துணையும் இல்லாமலே ஆல்டோஸ் ரிடக்டேஸ் மரபணு விழிக்கிறது என்று கண்டார்கள். ஈஸ்ட் மாதிரி இங்கே இல்லை என்பதுதான் அந்தக் கட்டுரையின் முடிவு. அடுத்த வருஷம் இன்னொரு குழு, நாய்ச் செல்களில், பி38ஐத் தடுத்தால் பீட்டேன் கடத்தியின் மரபணு எழும்பாது என்று காட்டியது. ஒன்று முயல், ஒன்று நாய். ஒன்று நொதி, ஒன்று கடத்தி. ஈஸ்ட்டைப் பார்த்துவிட்டு அதே கதையை நம் மேல் ஒட்டவைக்கக் கூடாது.

ஆய்வகஇரவு | திங்கள், இரவு 11.20

செங்காந்தள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், பாதி தூரம் வரை. பி38க்குப் பங்கே இல்லை என்று சொன்னால் ஏற்கமாட்டேன். பி38 ஒரே புரதம் இல்லை, நான்கு வகை. ஆல்ஃபா வகை டோன்இபிபியை ஊக்குவிக்கிறது, டெல்டா வகை அதையே அடக்குகிறது. எந்தச் செல்லில் எது எவ்வளவு என்பதைப் பொறுத்து விடை மாறும். கூடவே ஃபின், ஏடிஎம், பிகேஏ என்று வேறு கைனேஸ்களும் ஆளுக்கொரு கை கொடுக்கின்றன. ஒன்றை மட்டும் தடுத்தால் வேலை குறையும், முழுக்க நிற்காது. நானே பி38 தடுப்பானைப் போட்டு பிளாட் (ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பட்டையாக, அதாவது பேண்டாக, காட்டும் சோதனை) ஓட்டியிருக்கிறேன். பி38இன் வேலை அடங்கியிருக்கும், ஆனாலும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் பேண்ட் மங்கலாக அங்கே நிற்கும். முதல் தடவை சோதனை கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அந்த மங்கல் பேண்ட் வந்தது.

செங்காந்தள் | திங்கள், இரவு 11.52

அந்த மங்கல் பேண்ட்தான் என் வாதம். சரி, இதில் நமக்குள் சண்டை இல்லை. பலர் தூக்கும் பல்லக்கு என்று வைத்துக்கொள்வோம்.

வேப்பம்பூவுக்கு ஒரு யோசனை. பங்கு யாருக்கு எவ்வளவு என்பதில் வாதம் இருக்கலாம், டோன்இபிபி வேண்டுமா என்பதில் வாதமே இல்லை. அது இல்லாத எலிக்குட்டிகள் பெரும்பாலும் பிறக்கும் முன்பே இறந்துவிடும். பிழைத்த கொஞ்சத்தில் சிறுநீரகத்தின் உட்பகுதி தேய்ந்து சிதைந்துபோகிறது. தேர்வில் அதை எழுதுங்கள். அப்புறம், உப்புக்குப் பதில் அதே அளவு யூரியாவைப் போட்டால் டோன்இபிபி எழும்பாது, செல்லுக்குள் எளிதில் புகாத மானிட்டால் போட்டால் எழும்பும் என்பதையும் சேருங்கள். செல் பார்ப்பது மொத்தச் செறிவை அல்ல, தன்னிடமிருந்து தண்ணீரைப் பறிக்கிற பங்கை மட்டும்தான்.

நெய்தல் | செவ்வாய், மதியம் 1.30

வணக்கம். அறிவியல் அவ்வளவாகத் தெரியாது, ஆனாலும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. அப்பா பாத்தியில் நிற்கும்போது மதியம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார். பொட்டல் வெளியில் ஒதுங்க இடமில்லை என்று அம்மாவும் மற்ற பெண்களும் இன்னும் குறைவாகக் குடிப்பார்கள். இலங்கையில் அநுராதபுரம் பக்கம் விவசாயிகளுக்குக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் என்று கேள்விப்படுகிறோம். நீங்கள் சொல்லும் செல் விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இன்னொன்று. சுறா கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அது யூரியாவால் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

ஆய்வகஇரவு | செவ்வாய், இரவு 7.40

சுறாவை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது அழகான விஷயம். உண்மைதான். கடலில் தண்ணீரை இழக்காமல் இருக்கச் சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கிவைக்கிறது. செத்த பிறகு நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைக்கும், அதுதான் அந்த நெடி. ஆனால் யூரியா புரதங்களைக் கெடுக்குமே? அதைச் சமாளிக்க ட்ரைமெதிலமைன் ஆக்சைடு என்ற இன்னொரு பொருளையும் சுறா சேர்த்துவைக்கிறது. இரண்டு பங்கு யூரியாவுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு. ஒன்றின் கெடுதலை மற்றது ஈடுகட்டுகிறது. யான்சி, சொமேரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். நம் சிறுநீரக நுனியில் அந்த வேலையைப் பார்ப்பது முன்பு சொன்ன கிளிசரோஃபாஸ்ஃபோகோலின். யூரியா கூடினால் கிளிசரோஃபாஸ்ஃபோகோலினை உடைக்கும் நொதி அடங்கிவிடும், அதனால் அது தானாகச் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் அப்பா அம்மா பற்றிய கேள்விக்கு இரவுப்பணிதான் பொருத்தமானவர்.

இரவுப்பணி | புதன், காலை 5.50

நெய்தல், உங்கள் கேள்வியை இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொடர்பு உண்டு என்று காட்டும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2014ல் ரிச்சர்ட் ஜான்சன் குழு எலிகளைத் திரும்பத் திரும்பச் சூட்டில் வைத்தது. ஒரு கூட்டத்துக்குச் சூட்டின்போதே தண்ணீர், இன்னொரு கூட்டத்துக்கு எல்லாம் முடிந்து இரவில்தான் தண்ணீர். தாமதமாகக் குடித்த எலிகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. காரணமாக அவர்கள் காட்டியது ஆல்டோஸ் ரிடக்டேஸ் வழியை. நுனியில் நம்மைக் காப்பாற்றுகிற அதே நொதி, உடல் வறண்டு இரத்தமே செறிவாகும்போது சிறுநீரகத்தின் வெளிப்பகுதிக் குழாய்ச் செல்களிலும் விழிக்கிறது. அங்கே சார்பிட்டால் அப்படியே நிற்பதில்லை, ஃப்ரக்டோஸாக மாறுகிறது. அதைச் சிதைக்கும் நொதி செல்லின் ஆற்றல் இருப்பைக் கரைத்து, யூரிக் அமிலத்தை உண்டாக்கி, அழற்சியைக் கிளப்புகிறது. அந்தச் சிதைக்கும் நொதி இல்லாத எலிகள் தப்பித்தன.

இலங்கை வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பேசப்படும் நோய்க்கு வெப்பம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர், வேளாண் மருந்துகள் என்று வேறு வாதங்களும் வலுவாக இருக்கின்றன. நம் உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்பமும் சிறுநீரகமும் பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்வதை நிறுத்த எந்த ஆய்வு முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பாத்தி ஓரம் ஒரு கழிப்பறையும் நிழலும் குடிநீரும் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். அப்பா உடம்பு வலிக்கு மாத்திரை போடுவாரா? உப்பு கூடும்போது நுனிப் பகுதியில் குழாய்களுக்கு நடுவே இருக்கும் இடைநிலைச் செல்கள் காக்ஸ்2 என்ற நொதியைக் கூட்டிக்கொள்கின்றன, அது அவற்றின் உயிர்காப்பு. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் அந்த நொதியைத்தான் அடைக்கின்றன. தண்ணீர் கொடுக்காத ஆய்வக விலங்குகளில் அதை அடைத்தபோது அந்தச் செல்கள் செத்தன. அதோடு அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். வெயிலில் வேலை முடித்து வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வலி மாத்திரை போட்டுப் படுப்பவர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

நெய்தல் | புதன், காலை 8.15

போடுவார் டாக்டர். வாரத்தில் மூன்று நாலு நாள். கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கே கிரியாட்டினின் சோதனைக்குக் கூட்டிப்போகிறேன்.

இரவுப்பணி | புதன், காலை 8.40

நல்லது. சிறுநீரில் புரதச் சோதனையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். முடிவு வந்ததும் உங்கள் ஊர் மருத்துவரிடம் காட்டுங்கள், இங்கேயும் எழுதுங்கள்.

தாமிரபரணி72 | புதன், மாலை 5.05

டிஎன்ஏ உடையும் என்று தம்பி முதல் பதிவில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாரே, அதைக் கொஞ்சம் விரிக்க முடியுமா?

ஆய்வகஇரவு | புதன், இரவு 9.30

அது என்னை இன்றும் அசைக்கிற விஷயம், ஐயா. தட்டில் உப்பு கூடினால் டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் உடைவது 2001லேயே தெரிந்தது. தட்டில் மட்டும் நடப்பது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2004ல் பர்க் குழு சாதாரண, ஆரோக்கியமான எலியின் சிறுநீரக நுனியைப் பார்த்தது. அங்கேயும் உடைந்த டிஎன்ஏ. நோயில்லாத உடம்பில், எந்நேரமும். பிறகு எலிக்கு ஃபுரோசமைடு கொடுத்தார்கள். மருத்துவமனையில் நீர் பிரிய தினமும் போடுகிற அதே மருந்து. அது நுனியின் உப்பைக் குறைத்துவிடும். குறைந்ததும் உடைசல்கள் சீக்கிரமே சீராகிவிட்டன. அதாவது பழுதுபார்க்கும் சாமான்கள் செல்லிடம் தயாராகவே இருக்கின்றன, உப்பு அதிகமாக இருக்கும் வரை கைகள் கட்டப்பட்டிருக்கின்றன.

வேப்பம்பூ | வியாழன், மாலை 6.30

கடைசியாக ஒன்று. வெயிலில் காய்ந்துவிட்டு வந்து ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால்? நுனியில் உப்பு குறையும். உள்ளே சார்பிட்டால் நிறைத்து வைத்திருக்கும் செல் இப்போது ஊதி வெடிக்காதா?

ஆய்வகஇரவு | வியாழன், இரவு 10.10

வெடிக்காது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். செல் ஊதத் தொடங்கியதும் சவ்வில் சில வாய்க்கால்கள் திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஒன்று எல்ஆர்ஆர்சி8 என்ற புரதங்களால் ஆனது என்று 2014ல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. குளோரைடும், டாரின் போன்றவையும் அதன் வழியாக வெளியேறும். சார்பிட்டாலும் சில நிமிடங்களில் வடிந்துவிடும். சேர்க்க இரண்டு மூன்று நாள் எடுத்ததைச் செல் நிமிடங்களில் கொட்டிவிடுகிறது. நீங்கள் குடித்த தண்ணீரோடு அந்த இனிப்பும் உங்கள் சிறுநீரில் கொஞ்சம் போகும்.

ஆனால் ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதி அவ்வளவு சீக்கிரம் போகாது. மெல்ல மெல்லத்தான் தேயும், சில நாள் அங்கேயே இருக்கும். நாளை மறுபடி நீங்கள் வெயிலில் நின்றால், இந்தத் தடவை செல் மரபணுவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. குளுக்கோஸை எடுத்து நேராகச் சார்பிட்டால் செய்ய ஆரம்பித்துவிடும்.